நான்காவது பெயருக்கு விட்ட இடம்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கும் அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே பார்த்தவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். பெயரில்லாத ஊருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று முகம் சுளிப்பவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

நான் பிறந்து வளர்ந்து பிழைப்பது எல்லாம் மலேசியாவில், பேராக் மாநிலத்தில். ஒரு பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று குறித்துக்கொண்டு, தாமதமாக வரும் டிரைவரை முறைப்பது என் வேலை. இந்தியாவைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததே இல்லை. போகச் சொன்னது அப்பா.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்தபோது, பின்வாங்கிப் போன வெள்ளைக்காரன் பட்டாளத்திலிருந்து வழி தவறிய ஒரு தமிழ்ச் சிப்பாய், காலில் காயத்தோடும் உடம்பில் காய்ச்சலோடும் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் அவரை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். பிழைக்கவில்லை. தைப் பொங்கலை ஒட்டி ஒரு நாள் போய்ச் சேர்ந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் அப்பாவே குழி வெட்டிப் புதைத்தார். அதற்கு அடுத்த வருடம்தான் நான் பிறந்தேன்.

சிப்பாய் சொன்னது மூன்றே சேதி. பெயர் சங்கரபாண்டி. ஊர் இன்னது. மனைவி மாசமாக இருக்கிறாள். அவர் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணை, அதில் கோத்திருந்த தாயத்தோடு சேர்த்து, அப்பா ஒரு சுருட்டு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் போகிறவர் கிடைக்கவில்லை, கிடைத்தவர் மறந்துபோனார். ஒரு கடிதம் போட்டுவிடலாமே என்று நான் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இழவுச் சேதியை யாராவது தபால்காரன் கையில் கொடுப்பார்களா, வாசலில் போய் நின்று சொல்ல வேண்டும் என்றார். அவருக்குக் கண் மங்கிவிட்டது, காலும் தளர்ந்துவிட்டது. ஆகவே அந்த வாசலில் போய் நிற்கும் வேலை எனக்கு வந்தது. எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம் சுருட்டு டப்பாவோடு கிளம்பினேன்.

முதல் நாள் சங்கரன்கோவிலில் தங்கினேன். எங்கள் ஊரில் வானம் தினமும் சாயங்காலம் ஒரு பாட்டம் ஊற்றிவிட்டுப் போகும். இங்கே அதற்குப் பதிலாகக் காற்று. மேற்கு மலையிலிருந்து கிளம்பி, வழியில் இருக்கிற புழுதியை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து நம் வாயில் போடுகிறது. லாட்ஜில் கொடுத்த சொம்புத் தண்ணீரில் மூன்று முறை முகம் கழுவியும் கண்ணாடியில் வேறு யாரோதான் தெரிந்தார்.

சாப்பாட்டில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். மத்தியானம் ஒரு சின்னக் கடையில் ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டேன். அரிசி பொடியாக, கறி பஞ்சாக இருந்தது. இலையை மடித்த பிறகுதான் என் காரியம் நினைவுக்கு வந்து, வெட்கமாக இருந்தது. சாவு சொல்ல வந்தவன் இப்படியா வெளுத்துக்கட்டுவது?

கோயிலுக்குப் போனேன். சிவனும் பெருமாளும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்கிற சந்நிதியை எல்லாரும் போலப் பார்த்தேன். பிரசாதமாகப் புற்றுமண் கொடுத்தார்கள். எல்லா நோய்க்கும் மருந்து என்று வாங்கிப் பத்திரப்படுத்துகிறார்கள். நானும் ஒரு பொட்டலம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் என் தொழில் செய்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, நாளைக் காலை அந்த ஊருக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் காதில் பென்சிலோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வண்டி வந்தாத்தானே டயம். வெள்ளனே வந்து நில்லுங்க, ஏத்தி விடுதேன்” என்றார். எங்கள் டிப்போவில் இப்படி ஒரு பதிலைச் சொன்னால் மறுநாள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மறுநாள் வண்டி வந்தது, கிளம்பியது, பாதி வழியில் நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கண்டக்டர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணறு தேடிப் போனார். ஜனங்கள் சாவகாசமாக இறங்கி உடைமர நிழலில் உட்கார்ந்தார்கள். கோபப்பட்டது நான் ஒருவன்தான். பக்கத்தில் ஜவுளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த கடையநல்லூர்ப் பாய் ஒருவர் சிரித்தார். மலேசியா என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“எங்க பெரிய மாமு பினாங்குலதான் கடை வச்சிருந்தாக. சப்பான் சண்டையில சேதி நின்னு போச்சு. சண்டை முடிஞ்சு ரெண்டு வருசங்கழிச்சு ஒரு நாளு வந்து நிக்காக, கூட ஒரு மலாய்க்காரப் பொம்பளையும் புள்ளையும். அல்லாவே, மாமி அன்னைக்கி அழுத அழுகை.”

“கோபத்திலா?” என்று கேட்டேன்.

“கோவம் பொறவு வந்துச்சு. மொதல்ல உசுரோட வந்துட்டாகளேன்னுதான் அழுதாக” என்றார். கண்டக்டர் குடத்தோடு வந்துவிட்டதால் பேச்சு அங்கே முடிந்தது.

ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் என்னை இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பருத்திக் காட்டுக்கு நடுவே வண்டிப்பாதை. அப்பா கொடுத்தனுப்பிய துணிமணி, பிஸ்கட் டின், தைல பாட்டில் என்று பெட்டி கனத்தது. கை மாற்றி, தோள் மாற்றி, கடைசியில் தலையிலும் வைத்துப் பார்த்தேன். ஊரை நெருங்கும் இடத்தில் பாதையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக வழியில் நட்டு வைப்பது. அப்பா கதையாகச் சொல்லிக் கேட்டிருந்தேன். பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். அப்பாடா என்று இருந்தது.

மூச்சு வாங்கிய பிறகுதான் குறுக்குக் கல்லில் எழுத்து இருப்பதைக் கவனித்தேன். ‘சண்டையில் இறந்துபோன நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஞாபகம்’ என்று வெட்டியிருந்தது. பெட்டியை அவசரமாகக் கீழே இறக்கினேன். செத்தவர்களின் கல்லில் சாமானை வைத்துவிட்டோமே என்று பதறிப்போனேன்.

ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். “என்ன அண்ணாச்சி, வச்சத ஏன் எறக்குதிய? அதுக்குத்தானே நட்டுருக்கு” என்றார்.

யார் வீட்டுக்கு என்று கேட்டார். மலேசியாவிலிருந்து வருகிறேன், சங்கரபாண்டி என்று பட்டாளத்துக்குப் போனாரே, அவர் வீட்டுக்கு என்றேன். அந்த மனிதர் ஆட்டை மறந்துவிட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஊர் முகப்பில் டீக்கடை. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் ஆட்டுக்காரர் சொல்லிவிட்டார். “மலேயாவுல இருந்து வந்திருக்காவ. சங்கரபாண்டி மவன்.”

நான் இல்லை என்று வாயைத் திறந்தேன். கடையில் இருந்த பத்துப் பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். “நான் அப்பமே சொல்லலையா, அங்கன குடும்பம் வச்சிருக்காருன்னு.” “மூக்கப் பாரு வே, அச்சு அசல்.” “இத்தன வருசங்கழிச்சாவது அனுப்பி வச்சாரே.” காணாமல் போன சங்கரபாண்டி மலாயாவில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்பது அந்த ஊரின் பழைய வதந்தி. என்னை அதற்குச் சாட்சியாக்கிவிட்டார்கள். என் மூக்கு எங்கள் சேலத்துத் தாத்தாவின் மூக்கு. அதைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை.

கோமதியின் வீட்டுக்கு ஊர்வலமாகவே கூட்டிப் போனார்கள். சங்கரபாண்டியின் ஒரே மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவர். கணவர் ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வாசலுக்கு வந்தவர் கூட்டத்தையும் என்னையும் பார்த்தார். யாரோ சேதியைச் சொன்னார்கள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வா தம்பி. வெயில்ல வந்திருக்க, உள்ள வா” என்றார்.

அந்தத் ‘தம்பி’க்குப் பிறகு, கொண்டுவந்த சேதியைச் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார். நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு. ராத்திரிக்குக் கோழி அடித்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். “அப்பா எப்பிடி இருக்காக?” என்று அவர் கேட்கவே இல்லை. அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பார். கேட்க வருவார், வேறு எதையாவது கேட்பார். உங்க ஊர்ல அரிசி எப்படி, பருத்தி உண்டா, மழை உண்டா. ஒரு முறை மட்டும், “உங்க அம்மை நல்லா இருக்காகளா?” என்று கேட்டார். அவருடைய தாய்க்குச் சக்களத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தவளை, அப்படி மரியாதையாக விசாரித்தார். நன்றாக இருக்கிறார் என்றேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பட்டாளத்து அண்ணாச்சி வந்தார். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. சங்கரபாண்டியோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர். அவரைப் பர்மாவுக்கும் சங்கரபாண்டியை மலாயாவுக்கும் அனுப்பிவிட்டார்கள். என் மூக்கைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். “வாங்க, கல்லைக் காட்டுதேன்” என்று அழைத்துப் போனார்.

கல் வந்த கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். சண்டை முடிந்து ஊர் திரும்பியதும், வராதவர்களுக்கு ஏதாவது வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர் அவர். துப்பாக்கியோடு ஒரு சிலை வைக்கலாம் என்றார்கள் சிலர். பீடம் கட்டிக் கிடா வெட்டிச் சாமியாகக் கும்பிடலாம் என்றார்கள் சிலர். அதற்குப் பெற்றவர்கள் சம்மதிக்கவில்லை. வயசுக்கு முன்னால் செத்தவனைச் சாமியாக்கினால் அவன் பசி அடங்காது என்று பயந்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோகிற பெண்ணுக்கு, அவள் இறக்கி வைக்காத சுமைக்காகச் சுமைதாங்கி நடுவது இந்தப் பக்கத்து வழக்கம். பெண்கள்தான் அதைச் சொன்னார்களாம். இவன்களும் சுமையோடு போனவன்கள்தானே, இவன்களுக்கும் அதையே நடுங்கள் என்று.

“வழக்கமா சுமைதாங்கி ஆள் ஒசரம் இருக்கும். இத நெஞ்சளவுக்கு நிறுத்தச் சொன்னேன்” என்றார்.

“ஏன் அண்ணாச்சி?”

“தலைச்சொமைய ஒரு பொம்பள தனியா எறக்கணும்லா. ஆம்பள செத்துப்போன வீட்டுல எறக்கி விட யாரு வருவா?”

நான் அந்தக் கல்லை அதுவரை கல்லாகப் பார்த்திருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ராணுவக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. புல்லை ஒட்ட வெட்டி, வெள்ளைக் கற்களை வரிசை பிசகாமல் நிறுத்தி வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். அங்கே ஒரு குடையைச் சாய்த்து வைக்கக்கூட மனசு வராது. இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் விறகுக் கட்டோடு வந்தாள். கட்டை நெஞ்சால் சாய்த்துக் கல்லில் தள்ளினாள், கழுத்தை நெட்டி முறித்தாள், எங்கள் இருவரையும் யார் என்று பார்த்தாள், மறுபடி தூக்கிக்கொண்டு போனாள்.

பெயர்கள் தூண்களின் உள்பக்கத்தில் இருந்தன. மாடு உரசித் தேய்த்துவிடாமல் இருப்பதற்காக அப்படி. குனிந்துதான் படிக்க வேண்டும். பதவி இல்லை, படையின் பெயர் இல்லை. அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் மட்டும். இடத்தூணில் நான்கு பெயர், முதல் உலகச் சண்டையில் பஸ்ரா பக்கம் செத்தவர்கள். அவர்களுக்குக் கல் வைக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் சண்டைக்காக ஆசாரி உளியை எடுத்தபோது ஒரு கிழவர் கம்பை ஊன்றி வந்து, என் மகன் பெயரை யார் வெட்டுவது என்று கேட்டாராம். வலத்தூணில் மூன்று பெயர். அதற்குக் கீழே ஒரு வரிக்கு வழுவழுப்பாக இழைத்து, ஒன்றும் வெட்டாமல் விட்டிருந்தது.

“இது சங்கரபாண்டிக்கு விட்ட எடம்” என்றார் அண்ணாச்சி. “சர்க்கார் காணாமப் போயிட்டாருன்னுதான் சொன்னான். கோமதி அம்மை கல்லுக்கு முன்ன வந்து நின்னுட்டா. காணாமப் போனவுக பேர எப்பிடிச் செத்தவுக கல்லுல வெட்டுவியன்னு கேட்டா. அந்த வரிய அப்பிடியே விட்டுட்டோம். கடைசி வரைக்கும் பொட்டும் பூவுமாத்தான் இருந்தா.” துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “நீங்க வந்ததுல ஒரு விசயம் தீந்துபோச்சு. அவன் உசுரோடதான் இருந்திருக்கான். நான்தான் கூறுகெட்டவன். இத்தன வருசமா அவன் செத்துட்டான்னே நெனச்சேன்.”

அவர் குரலில் இருந்த கசப்பு எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே, அந்தக் கல்லடியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். விறகு அடுக்கு, கஞ்சி, பொங்கல், குழி எல்லாம். அண்ணாச்சி தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுதது நண்பன் செத்ததற்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். சந்தேகப்பட்டுவிட்டோமே என்பதும் அதில் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “நாளைக்கே ஆசாரியக் கூட்டிட்டு வாரேன்” என்பது. வலத்தூணின் காலி வரியை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். எனக்கும் மனசு லேசாயிற்று. இதற்காகத்தான் வந்தோம், நல்லபடியாக முடியப் போகிறது என்று நினைத்தேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

வீட்டுக்குத் திரும்பினால் முற்றம் நிறையப் பெண்கள். பக்கத்துத் தெருவில் மறுநாள் கல்யாணமாம். ஒரு மரப்பெட்டியைத் திறந்து, பலகைமேல் ஒரு பழைய கூறைச்சேலையை மடித்து வைத்து, மஞ்சளும் குங்குமமும் கண்ணாடி வளையலும் பூவும் சாத்தியிருந்தார்கள். கோமதியின் தாய் சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவள். புருஷன் முகத்தை மறுபடி பார்க்காமலே காலம் முழுக்க அவனுக்காகப் பொட்டு வைத்தவள். ஆகவே அவள் சேலையை வீட்டுச் சாமியாக வைத்திருக்கிறார்கள். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் தாலியை முதலில் அந்தச் சேலையில் வைத்து எடுத்த பிறகுதான் மணவறைக்குக் கொண்டுபோவார்கள். மணப்பெண் விழுந்து கும்பிட்டாள். கோமதி தன் தாயின் குங்குமத்தை அவள் நெற்றியில் இட்டார். கூட்டத்தில் ஒருத்தி என்னைக் காட்டி, “அம்மை பொட்டு பொய்க்கல பாத்தியளா, மவனே வந்துட்டான்” என்றாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணாச்சியும் என்னைப் பார்த்தார். கல்யாணச் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்களிடம் நான் கொண்டுவந்த சேதி என்ன? அவர்கள் கும்பிடுகிற சுமங்கலி, மகள் பிறப்பதற்கு முன்பே விதவை. கல்லில் ஒரு பெயரை வெட்டினால், இந்தச் சேலையில் வைத்த குங்குமம் முழுவதும் பிழையாகிவிடும்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, கோமதியும் அண்ணாச்சியும் நானும் மட்டும் இருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுருட்டு டப்பாவை எடுத்துக் கோமதியின் முன்னால் வைத்தேன். திறந்தார். அரைஞாணை எடுத்துத் தாயத்தைத் திருப்பிப் பார்த்தார். “சங்கரன்கோயில் புத்துமண்ணு. அம்மை அடைச்சுக் குடுத்தது” என்றார். விரல்கள் வெள்ளியோடு நகர்ந்து போய் ஓரிடத்தில் நின்றன.

“அறுத்திருக்கே” என்றார்.

உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளையின் அரைஞாணை யாரும் அறுக்க மாட்டார்கள். பிணத்தின் இடுப்பில் இருந்துதான் அறுத்து எடுப்பார்கள். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டார். சப்பான்காரன் வந்த வருடம், தைப் பொங்கல் சமயம் என்றேன்.

“நான் மாசியில பொறந்தேன்” என்றார்.

நான் உங்கள் தம்பி இல்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். முந்தின நாள் அடித்த கோழிக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அண்ணாச்சிதான் பேசினார். “ஆசாரிய நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன் கோமதி. ஓங்கப்பன் பேரு அந்தக் கல்லுல வரணும்.”

“வேண்டாம் சித்தப்பா.”

“என்னத்த வேண்டாம்? காயத்தோட செத்தவன் அவன். ஊரு அவன ஓடிப்போனவம்னு பேசுது. வேற கல்யாணம் பண்ணிக்கிட்டவம்னு பேசுது. நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

“இத்தன வருசமா கேட்டியல்லா.”

“அப்பம் தெரியாது. இப்பம் தெரியும்.”

நான் நடுவில் புகுந்து ஒரு யோசனை சொன்னேன். எங்கள் ஊர்ச் சீனர்கள் கணவன், மனைவி இருவரில் ஒருவர் இறந்தாலும் இரண்டு பெயரையும் கல்லறையில் வெட்டி, உயிரோடு இருப்பவர் பெயருக்கு மட்டும் சிவப்புப் பூசி வைப்பார்கள். அதுபோல இவர் பெயரை வெட்டிச் சிவப்புப் பூசினால், செத்தவர் என்று ஆகாதே என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அண்ணாச்சி கையை விரித்தார். “இங்கன எவன் நெறத்தப் பாப்பான்? பேரத்தான் வாசிப்பான்.”

கோமதி அரைஞாணைத் தன் கைக்குள் சுருட்டிக்கொண்டார். “அம்மை உசுரோட இருந்தப்பம், யாருக்காவ பொட்டு வச்சுக்கிட்டு திரியான்னு ஏசுனாளுவ. கல்யாண வீட்டுல முன்னால நிக்க விடாம ஒதுக்குனாளுவ. செத்த பொறவுதான் கும்பிடுதாளுவ. இப்பம் அப்பா பேர வெட்டுனா இந்தச் சேலைய நான் என்ன செய்ய? எரிக்கவா? இதுல வச்சு எடுத்த தாலி ஊரு பூரா கழுத்துல கெடக்கு. ஒரு புருசனுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட எங்க அம்மையத்தான் சொல்லுவாளுவ.”

“அப்பம் ஓங்கப்பன்?” என்று மறுபடி கேட்டார் அண்ணாச்சி. அவர் குரலில் கெஞ்சல் வந்துவிட்டது.

“அப்பாவுக்கு மலேயாவுல ஒரு பிடி மண்ணாவது கெடச்சுது. கஞ்சி ஊத்த ஆள் இருந்துச்சு. அம்மைக்கு இந்தப் பொட்டு மட்டுந்தான் சித்தப்பா. அதயும் எடுக்கச் சொல்லுதியளா?”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய் நின்றார். “ஆசாரிய வர வேண்டாம்னு சொல்லிருதேன்” என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரின் முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சிலர் கூட உண்டு கூட உறங்கியவனை எப்போதும் விட்டுக்கொடுப்பதில்லை. அவரை அன்றைக்கு விட்டுக்கொடுக்க வைத்துவிட்டோம்.

நான்காம் நாள் காலையில் கிளம்பினேன். கல்யாண மேளம் கேட்டது. விலக்கு வரைக்கும் கோமதியும் வந்தார். கையில் வழிக்குக் கட்டிய புளிச்சோறு. வழியில் சுமைதாங்கிக் கல்லில் ஒரு நிமிடம் நின்றோம். அவர் குனிந்து காலி வரியைப் பார்த்தார், தொடவில்லை.

விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாகக் கேட்டார். “அப்பாவப் பொதச்ச எடம் உங்க அப்பாவுக்கு இன்னும் தெரியுமா?”

தெரியும், கண் தெரியாவிட்டாலும் கோயில் சுவரைத் தடவிக்கொண்டே போய்க் காட்டிவிடுவார் என்றேன்.

“அங்கன ஒரு கல்லு வையுங்க. பேரு, எங்க தாத்தா பேரு, ஊரு, செத்த மாசம் எல்லாம் போட்டு, நல்லா ஆழமா வெட்டச் சொல்லுங்க” என்றார். புளிச்சோற்றை என் கையில் கொடுத்து, “அங்கன எங்க அம்மையத் தெரிஞ்சவுக யாரும் இல்லல்லா” என்றார்.

வண்டி வந்தது. டீக்கடைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் வந்து இறங்கினார்கள். “என்ன கோமதி, தம்பிய வழியனுப்ப வந்தியா?” என்று ஒருவர் கேட்டார். கோமதி என் முகத்தைப் பார்க்காமல், “ஆமா” என்றார்.

நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். தலையை வெளியே நீட்டி, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “போய்ட்டு வாரேன் அக்கா” என்றேன்.